மூன்று நிமிடப் பாட்டு ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?

(காட்சி: இரவு. ஒரு பாரின் மூலையில் முழங்கால் உயர மேடை. விளிம்பில் டிப்ஸ் ஜாடி.)

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். சிறைக்குப் போன ஒருவனைப் பற்றி ஐந்து பேர் வாசித்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு. பத்து நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் ஓடுகிறது. எழுந்து போகத்தான் ஆளில்லை.

இதற்குப் பெயர் அவுட்லா கன்ட்ரி ராக். கன்ட்ரி என்றால் அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட பாட்டு. அவுட்லா என்றால் சட்டத்துக்கு அடங்காதவன். துப்பாக்கி, கொள்ளை என்று கற்பனையை ஓட்டாதீர்கள். சண்டையே ஒப்பந்தத்தைப் பற்றித்தான்.

(காட்சி: பழைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ.)

1960களில், கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில், பாடகர் ஊர் ஊராக யாரோடு கச்சேரி செய்தாரோ அவர்களை ரெக்கார்டிங்குக்குப் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். ஸ்டுடியோவுக்கென்றே வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். எங்கே வயலின் நுழைய வேண்டும் என்பது தயாரிப்பாளரின் முடிவு. வேலன் ஜென்னிங்ஸ் என்ற பாடகர் இதை எதிர்த்து மல்லுக்கட்டி, 1972இல் ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்திடமிருந்து தன் இஷ்டப்படி பதிவு செய்யும் உரிமையை வாங்கினார். அதே ஆண்டு இன்னொரு பாடகர் வில்லி நெல்சன் ஆஸ்டினில் அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற அரங்கில் பாடினார். முன்பு அது தேசியக் காவல்படையின் ஆயுதக் கிடங்கு. முடி வளர்த்த ஹிப்பிகளும் தொப்பி போட்ட பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் பீர் குடித்தார்கள். 1976இல் இந்தக் கூட்டத்தின் தொகுப்பு ஆல்பம் ஒன்று, கன்ட்ரி இசையில் முதல்முறையாக, பத்து லட்சம் பிரதி விற்றால் கிடைக்கும் பிளாட்டினம் தகுதி பெற்றது.

ஆக, இது ஆரம்பத்திலிருந்தே குழுவின் இசை. பார் பேண்டுகளுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

சரி, பாட்டை நீட்டி மேடையிலேயே கற்பனையாக வாசித்துக்கொண்டு போகும் இந்த ஜாம் எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவின் ராக் குழு கிரேட்ஃபுல் டெட் என்றதும் முடிவில்லாத கிடார்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர்கள் மேடையில் அதிக முறை பாடியது ஒரு கௌபாய் பாட்டு. அவர்களுடைய கிடார்காரர் ஜெர்ரி கார்சியா 1969இல் பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து வாசிக்கும், பெடல் வைத்த கிடார்) பழகி, இன்னொரு கன்ட்ரி குழுவிலும் போய் வாசித்தார். இரண்டு தெருவும் முன்பே ஒட்டித்தான் இருந்தன.

(காட்சி: டிரம்மரின் கைகள், நெருக்கத்தில்.)

இப்போது டிரம்ஸைக் கவனியுங்கள். ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் ரயில் ஓடுகிற மாதிரி ஒரு தாளம். கடைசிச் சரணம் முடிந்ததும் பேஸ்காரர் அடுத்த கோர்டுக்குப் போகாமல் ஒன்றிலேயே நின்றுவிடுகிறார். அதுதான் வாசல். கிடார்காரர் உள்ளே நுழைகிறார். அவர் சுற்றும் ஸ்வரங்களை மிக்ஸோலிடியன் என்பார்கள். கணக்குப் பார்த்தால் நம் ஹரிகாம்போஜியின் அதே ஏழு. கமகம் எல்லாம் தேடாதீர்கள், வரிசை மட்டும்தான் ஒன்று. பெடல் ஸ்டீல்காரர் ஒரு வாக்கியம் பதில் சொல்கிறார். அவர் காலால் பெடலை மிதிக்க, கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி வழுக்கி ஏறுகிறது.

இங்கேதான் பார் பேண்டின் சாமர்த்தியம். பெரிய அரங்கில் தாளத்தை உடைத்துக்கொண்டு எங்கேயும் போகலாம். இங்கே கீழே ஜோடிகள் டூ-ஸ்டெப் என்ற ஜோடி நடனம் ஆடுகிறார்கள். கால் தடுமாறினால் தளம் காலி, பீர் விற்பனையும் படுத்துவிடும். அதனால் மேலே கிடார் எவ்வளவு தூரம் அலைந்தாலும், கீழே ரயில் நிற்பதில்லை.

அப்புறம் பாடகர் திரும்பி டிரம்மரைப் பார்க்கிறார். புருவம் மட்டும் உயர்கிறது. டிரம்மில் நான்கு தட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பல்லவிக்கு வந்து விழுகிறார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒருவர், துணையின் கையை விடாமலே, ஜாடியில் ஒரு நோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்.