பவர் ஸ்டியரிங் முனகுகிறதா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

[திரை: பழைய கார் ஒன்றின் பானட் திறந்திருக்கிறது. என்ஜின் ஐடிலில் ஓடுகிறது. உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, "ஊஊம்" என்று முனகல் எழுகிறது.]

இந்தச் சத்தம் கேட்டதும் "பம்ப் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். பல சமயம் பம்ப் மேல் ஒரு தப்பும் இருக்காது. புது பம்ப் போட்ட பிறகும் அதே முனகல் கேட்டால்தான் வயிறு எரியும். அதனால் சத்தத்தை முதலில் ஒழுங்காகக் கேட்போம்.

ஆயிலில் இயங்கும் ஸ்டியரிங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது இந்த வகைதான். என்ஜின் பெல்ட் பம்பைச் சுற்றும். பம்ப், ஆயில் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தத்தோடு ரேக்குக்கு, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டுப் பகுதிக்கு, அனுப்பும். அங்கிருக்கும் வால்வு, நீங்கள் திருப்பும் பக்கத்துக்கு அந்த அழுத்தத்தை விடும். மீதி ஆயில் டப்பாவுக்கே திரும்பும். உங்கள் காரில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவே இல்லையென்றால் அது மின் மோட்டார் வகை. உங்களுக்கு இந்த வீடியோவின் கடைசிப் பகுதி மட்டும் போதும்.

[திரை: பெல்ட் அருகில் காட்டப்படுகிறது. "கீச்ச்ச்" என்ற ஒலி.]

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது நின்ற இடத்தில் சடாரென்று திருப்பியதும் கீச்சிடுகிறதா? பெல்ட்டைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று அடங்கிவிட்டு மறுபடி வந்தால், பெல்ட் தேய்ந்திருக்கிறது, இல்லை புல்லிகள் (பெல்ட் சுற்றி ஓடும் உருளைகள்) ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. மேலே எங்கிருந்தோ ஆயில் ஒழுகி பெல்ட்டில் படிந்திருந்தால், ஒழுகலை அடைக்காமல் புது பெல்ட் போட்டுப் பயனில்லை.

சரி, இனி முனகல். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தப்பான முடிவுக்குப் போவது இங்கேதான்.

[திரை: ஆயில் டப்பாவின் மூடி திறக்கப்படுகிறது. மேலே இளஞ்சிவப்பு நுரை மிதக்கிறது.]

முதலில் அளவு. டப்பாவிலோ மூடிக் குச்சியிலோ குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் கோடு இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். குறைந்திருந்தால், மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். சில கார்களுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், போதும். சில கார்களுக்குத் தனி ஆயில்தான், அதில் வேறொன்றைக் கலந்தால் சீல்கள் கெட்டுப்போகும். "எல்லாம் ஒரே ஆயில்தானே" என்பவரிடம் பாட்டிலைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது நுரை. பாருங்கள், மேலே பொடிப்பொடியாகக் குமிழ். ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. அந்தக் குமிழ்கள் பம்புக்குள் அழுத்தத்தில் நசுங்கும்போது வரும் சத்தம்தான் முனகல். காற்று எப்படி உள்ளே போனது?

[திரை: டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் மீது விரல் நகர்கிறது.]

இதோ, இந்த ஹோஸ். பம்ப் இதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. என்ஜின் ஓடும்போது இங்கே அழுத்தம் வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கும். ஹோஸ் விறைத்து வெடித்திருந்தாலோ, கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, பம்ப் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலோ, ஒரு சொட்டு ஆயிலும் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகும். கீழே குனிந்து பார்ப்பவருக்குத் தரை சுத்தமாகத் தெரியும். "ஒழுகலே இல்லையே, அப்போ பம்ப்தான்" என்ற முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

சோதிப்பது எளிது. முனகல் கேட்கும்போதே அந்த இணைப்பைச் சுற்றி அதே ஸ்டியரிங் ஆயிலைக் கொஞ்சம் தடவுங்கள். ஆயில் இடைவெளியை ஒரு கணம் அடைக்கும். முனகல் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. ஓ-ரிங்கோ கிளாம்ப்போ மாற்றினால் வேலை முடிந்தது.

இணைப்பு நன்றாக இருந்து, நுரையும் இல்லாமல், முனகல் மட்டும் இருந்தால் டப்பாவின் அடியில் இருக்கும் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய ஆயிலின் கசடு அதை அடைத்தால் பம்புக்கு ஆயில் பற்றாது. குளிரில் ஆயில் கெட்டியாவதால் காலையில் முனகல் இன்னும் அதிகமாக இருக்கும். பல டப்பாக்களில் ஃபில்டர் பிரிக்க முடியாதபடி ஒட்டியே வரும். டப்பாவை முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

[திரை: முன்சக்கரங்கள் தரையிலிருந்து உயர்ந்திருக்கின்றன. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது.]

எதை மாற்றினாலும் அப்புறம் காற்றை வெளியேற்றியாக வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் விட்டுவிடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை ஆன் செய்யாமல், மூடியைத் திறந்து வைத்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். இடையிடையே ஆயில் ஊற்றுங்கள். குமிழ் நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால், பம்ப் காற்றையும் ஆயிலையும் அடித்துக் கலக்கி மறுபடி நுரை கட்டும்.

ஒரு சின்ன விஷயம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் வரும் "ஸ்ஸ்ஸ்" கோளாறு அல்ல, வால்வு வழியாக ஆயில் பீறிடும் ஓசை. ஆனால் அப்படியே ஐந்து வினாடிக்கு மேல் பிடித்திருக்காதீர்கள். ஆயிலும் பம்பும் சூடேறும்.

[திரை: வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுக் கறுத்த ஆயில். வெளிச்சத்தில் மினுமினுப்பு.]

இதையெல்லாம் முடித்தும் கரகரப்பு என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால், இப்போது பம்பைக் குற்றம் சொல்லலாம். ஆயிலைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெள்ளி போல மினுங்கினால் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். ஹோஸ், ரேக் எல்லாவற்றிலும் பழைய ஆயிலை வழித்து வெளியேற்றி, டப்பாவையும் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரும்புத்தூளை புது பம்ப்தான் முதலில் விழுங்கும்.

[திரை: ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக ஆட்ட, கேமரா முன்சக்கரத்தின் உட்புறத்தைக் காட்டுகிறது. "டொக், டொக்".]

கடைசியாக, மேடு பள்ளத்தில் வரும் டொக்டொக். என்ஜினை ஆஃப் செய்து ஸ்டியரிங்கை லேசாக ஆட்டினாலும் கேட்டால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின் ஸ்டியரிங் கார்களிலும் வரும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டை ராட் எண்ட் மூட்டில், அதாவது ரேக்கிலிருந்து வரும் தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில், விரல் வைத்துப் பாருங்கள். தண்டு நகர்ந்த பிறகே சக்கரம் நகர்ந்தால் மூட்டு தேய்ந்துவிட்டது. அங்கே ஒன்றுமில்லையென்றால் ரேக்கைத் தாங்கும் புஷ், ஸ்டியரிங் தண்டை மடங்கித் திரும்ப விடும் யு-ஜாயின்ட் என்று அடுத்தடுத்துப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றும்வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். மாற்றியதும் வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள்.