ஓசில் பலமே: எதிரணிக்கு என் பதில்

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, ராத்திரி முழித்துக் கால்பந்து பார்க்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

"மெசுத் ஓசில் ஓர் அணிக்குப் பலமா, பாரமா?" இதுதான் தலைப்பு. ஓசில் ஜெர்மனிக்கும், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கும், இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கும் ஆடி, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட நடுக்கள வீரர். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். பந்து பறிபோனால் ஓசில் துரத்த மாட்டார், பெரிய ஆட்டங்களில் காணாமல் போய்விடுவார், வாரத்துக்கு 3,50,000 பவுண்ட் சம்பளத்துக்கு ஏற்ற ஆட்டம் ஆடவில்லை. நல்ல கைத்தட்டல் விழுந்தது. முதல் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது, அதை நானே ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

ஓசில் மோதிப் பந்தைப் பறிக்கிற ஆளாக இருந்ததில்லை. அவரை இடது ஓரத்தில் நிறுத்திய நாட்களில், எதிரணியின் தடுப்பாட்டக்காரர், அதாவது டிஃபெண்டர், மேலே ஏறி வரும்போது இவர் கூட ஓடி வராததால் பின்னால் இருந்தவர் தனியாகத் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். வலது காலில் அந்த அளவுக்கு நம்பிக்கை கிடையாது. தானே அடிக்க வேண்டிய இடத்திலும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தேடுவார். 2014 பிப்ரவரியில் ஆர்சனலுக்காக, ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக ஆரம்பத்திலேயே பெனால்டியைக் கோட்டைவிட்டார், அவர்களுடைய கோல்கீப்பர் நொயர் தடுத்துவிட்டார். அந்த வருத்தம் மிச்ச ஆட்டம் முழுக்க அவர் தோளில் தெரிந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, கோலுக்கு வழி செய்து கொடுக்க எடுத்த ஆளை எத்தனை தடவை மோதிப் பந்தைப் பறித்தார் என்று எண்ணிப் பார்ப்பது என்ன நியாயம்? அவருடைய வேலையை வைத்து அவரை அளப்போம். 2015-16, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சீசன். ஆர்சனலுக்காக அந்த ஒரு சீசனில் 19 அசிஸ்ட், அதாவது கோலாக முடிந்த 19 பாஸ். 2002-03-ல் தியரி ஹென்றி செய்த 20 அசிஸ்ட்தான் அன்றைய சாதனை, அதற்கு ஒன்றே ஒன்று குறைவு. டிசம்பர் முடிவதற்குள்ளேயே 16 வந்துவிட்டது. அப்படியானால் ஜனவரியிலிருந்து மே வரை வெறும் மூன்றுதானா, பார்த்தீர்களா தூங்கிவிட்டார் என்று எதிரணி துள்ளும். கொஞ்சம் பொறுங்கள். ஓசிலுக்குப் பந்தைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த சாந்தி கசோர்லா நவம்பர் கடைசியில் முழங்கால் காயத்தோடு வெளியே போனார். முன்னால் நின்ற ஸ்ட்ரைக்கர் ஜிரூ ஜனவரி நடுவில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார், அப்புறம் லீக்கில் அவர் அடுத்த கோல் எப்போது தெரியுமா? மே 15, சீசனின் கடைசி நாள். கொடுக்கிற கை கொடுத்துக்கொண்டேதான் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வலைக்குள் போனால்தான் அசிஸ்ட் என்று எழுதுவார்கள், போகாத பாஸுக்கு எந்தக் கணக்கிலும் பெயர் கிடையாது.

அந்த பாஸை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுவார், அதனால் பந்து காலைத் தொடும்போது அடுத்த முடிவு எடுத்தாகிவிட்டது. நடுவில் டிஃபெண்டர் காலை நீட்டினால் பந்தைத் தரையில் குத்துகிற மாதிரி மேலிருந்து அழுத்தி அடிப்பார். அது தரையில் பட்டு எழும்பி நீட்டிய காலைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் ஓடிவரும் ஆளின் முன்னால் இறங்கும். முதலில் பார்த்தபோது தவறி அடித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பத் திரும்ப அதையே செய்யவும்தான் அது வேண்டுமென்றே அடிப்பது என்று புரிந்தது.

சரி, பெரிய ஆட்டங்கள். 2014 உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றதே, அந்த ஏழு ஆட்டங்களிலும் முதல் நிமிடத்திலிருந்து களத்தில் இருந்தவர் ஓசில். அதுவும் அவருக்குப் பிடித்த நடு இடத்தில் இல்லை, பெரும்பாலும் ஓரத்தில். அல்ஜீரியாவுக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் எல்லோருடைய காலும் துவண்டு கிடக்கையில், முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கோலுக்கு அருகில் நின்று இரண்டாவது கோலை அடித்தது யார்? பிரேசிலை 7-1 என்று சாய்த்த அரையிறுதியில் சக வீரர் கெதீராவின் கோலுக்குப் பந்து கொடுத்தது யார்? அர்ஜென்டினாவுடனான இறுதிப் போட்டியில் 120-வது நிமிடம் வரை அவரை வெளியே எடுக்க யோகிம் லோவுக்கு மனம் வரவில்லை. காணாமல் போகிறவரையா ஒரு பயிற்சியாளர் அப்படி வைத்திருப்பார்?

2018-ஐ எடுப்பீர்கள் என்று தெரியும், அதையும் பேசுவோம். கசானில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த ஆட்டத்தில் ஓசில் ஏழு வாய்ப்புகளை உருவாக்கிக் கொடுத்தார். கடைசி நிமிடங்களில் அவர் தூக்கிப் போட்ட பந்துக்குச் சக வீரர் ஹும்மெல்ஸ் தனியாக எழும்பினார், தலையில் சரியாகப் பட்டிருந்தால் கோல், தோளில் பட்டு வெளியே போனது. பழி மட்டும் ஓசில் மேல் விழுந்தது. மே மாதம் துருக்கி அதிபருடன் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அவருடைய ஆட்டத்தையும் பிறப்பையும் சேர்த்துத் திட்டினார்கள். துருக்கி வம்சாவளிக் குடும்பம்தான், ஆனால் ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷனில் பிறந்து வளர்ந்த ஆள் ஜூலை 22-ஆம் தேதி தேசிய அணியிலிருந்தே விலகிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓடமாட்டார் என்கிறவர்களுக்கு 2016 நவம்பர் 1, சோஃபியா. ஆர்சனல் பல்கேரியாவின் லுடோகொரெட்ஸ் அணியிடம் 0-2 பின்தங்கி, சமன் செய்து, ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம். நம் ஊரில் விடியற்காலை மூன்று மணி. சக வீரர் எல்னெனி தூக்கி அடித்த பந்தைப் பிடிக்க மைதானத்தின் நடுவிலிருந்து தனியாக ஓடினார் ஓசில். கோல்கீப்பர் முன்னேறி வர, பந்தை அவர் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கிவிட்டார். மூச்சுவாங்க ஓடிவந்த இரண்டு டிஃபெண்டர்கள், அடிக்கப் போகிறார் என்று நம்பிச் சறுக்கி விழுந்தார்கள். அவர் அடிக்கவில்லை, இன்னொரு அடி நகர்ந்தார், காலி வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டார். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

சம்பளத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அந்தத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டது கிளப். நம் தலைப்பு ஆட்டத்தைப் பற்றியது.

அணிக்குப் பலம் என்றால், அவரைச் சுற்றி அணியைக் கட்டினால் என்ன நடக்கும் என்றுதானே பார்க்க வேண்டும்? ரியல் மாட்ரிட்டில் அவருக்குப் பின்னால் ஷாபி அலோன்சோவும் கெதீராவும் நின்று துரத்துகிற வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். 2011-12-ல் அந்த அணி 100 புள்ளிகளோடு, 121 கோல் அடித்து ஸ்பெயின் லீக்கான லா லிகாவை வென்றது. ஆர்சனலில் 2018 அக்டோபர் 22, லெஸ்டருக்கு எதிராக, கேப்டன் பட்டையோடு ஆடிய ஓசில் பின்தங்கியிருந்த அணிக்குச் சமன் கோல் அடித்தார், மூன்றாவது கோலில் பந்தைத் தொடாமல் விட்டுவிட்டு ஓடி, சக வீரர் லக்காசெத்திடமிருந்து திரும்ப வாங்கி இன்னொரு சக வீரர் ஆபமெயாங்குக்குத் தூக்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே, உடல் வலு வேண்டிய ஆட்டம் என்று சொல்லி போர்ன்மவுத்துக்கு எதிராக உட்கார வைத்தார்கள். அப்போதைய பயிற்சியாளர் எமெரிக்குத் தனக்கென்று ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் அது பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த பாணி, வீரரின் குறையாக அதை எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2020 மார்ச் 7, வெஸ்ட் ஹாம். ஆர்சனலுக்காக ஓசில் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான், அன்று அவருக்கோ நமக்கோ அது தெரியாது. கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் 78-வது நிமிடம், தலையால் பந்தை மெல்லத் தட்டி லக்காசெத்தின் காலில் இறக்கினார். முதலில் ஆஃப்சைடு கொடி, அதாவது விதிக்கு மாறான இடத்தில் நின்றார் என்று, பிறகு வீடியோவில் பார்த்துக் கோல் கொடுத்தார்கள். 1-0. தீர்ப்பு எழுதும் முன்னால் அந்த நிமிடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், நடுவர் அவர்களே.