லண்டனிலிருந்து பாரிஸ் போக எவ்வளவு நேரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 348 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 26 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போகிறது?

விமானம் ஹீத்ரோவில் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, பாரிஸில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்பது வரை உள்ளதுதான் அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் வரிசையில் காத்திருக்கவுமே கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். லண்டனில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வீசும். விமானம் காற்றை எதிர்த்து மேற்கே எழும்பி, அப்புறம்தான் தென்கிழக்கே பாரிஸ் பக்கம் திரும்பும். மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். திரும்பி வரும்போது ஹீத்ரோவில் நெரிசல் என்றால் பிகின் ஹில் போன்ற இடங்களுக்கு மேலே வட்டமடிக்கச் சொல்வார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம்.

ஐரோப்பாவில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இதை வைத்தே கணக்குப் போடலாம். கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, 50 நிமிடம் கூட்டுங்கள். லண்டன்–ஏதென்ஸ் சுமார் 2,400 கிலோமீட்டர். 3 மணி 50 நிமிடம் வரும். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும், திரும்பும்போது கூடும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் 12.20-க்கு இறங்குவதாக இருக்கும். திரும்பும்போது 2 மணிக்குக் கிளம்பி 2.20-க்கு வந்துவிடுவதுபோலத் தெரியும். கோடைக்கால நேரத்துக்கு இரண்டு நாடுகளும் ஒரே நொடியில் மாறுவதால் வருஷம் முழுக்க இதே ஒரு மணி நேர வித்தியாசம்தான்.

இனி வாசலிலிருந்து வாசல் வரை பார்ப்போம். மத்திய லண்டனிலிருந்து பிக்காடிலி ரயிலில் ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். பறந்து இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எடுப்பது, பிறகு ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் அரை மணி நேரம். எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம்.

லண்டனையும் பாரிஸையும் கடலடிச் சுரங்கம் வழியாக இணைக்கும் யூரோஸ்டார் ரயிலில் பாதை சுமார் 490 கிலோமீட்டர். வெட்டவெளியில் மணிக்கு 300, கடலடிச் சுரங்கத்தில் 160. லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் ஏறினால் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையம். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுவதால், இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். லா ஷப்பெல் பகுதியின் தமிழ்க் கடைகள் அங்கிருந்து நடை தூரம்தான். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனாலும் மொத்தம் நாலரை மணியைத் தாண்டாது. பாரிஸ்தான் போகுமிடம் என்றால் ரயிலே மேல் என்பேன்.

பாரிஸில் இறங்கி வேறு நாட்டுக்கு விமானம் மாறுபவர்களுக்கு மட்டும் விமானமே வசதி. அதிலும் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால், பெட்டியை எடுத்து மறுபடி போட பிரான்ஸுக்குள் நுழையவேண்டி வரும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அதற்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவை. கையில் உள்ள பிரிட்டிஷ் விசா அங்கே செல்லாது.