உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு துணைக்கு விசா கேட்பவர் காட்ட வேண்டியது திருமணச் சான்றிதழா, சேர்ந்து வாழ்ந்த சான்றுகளா? இதுதான் இன்றைய தலைப்பு. சேர்ந்து வாழ்ந்த சான்றுகளே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர்கள் மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு தாளில் முடிகிற வேலைக்கு எதற்கு இருநூறு பக்கம்? தாள் இல்லாத உறவை நம்பினால் பொய்யர்கள் உள்ளே புகுந்துவிட மாட்டார்களா? அவ்வளவு உண்மையான அன்பு என்றால் கல்யாணம் செய்துகொள்ள என்ன தடை? மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

முதலில் அந்த ஒரு தாள். திருமணச் சான்றிதழை நீட்டினால் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். முடியாது, நடுவர் அவர்களே. கணவன் மனைவியாக விண்ணப்பிக்கிறவர்களிடமும் பிரிட்டன் கேட்பது, இந்த உறவு உண்மையானதா, இன்றும் நீடிக்கிறதா என்பதைத்தான். சான்றிதழை வைத்த பிறகும் அதை நிரூபித்தாக வேண்டும். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 4ஆவது விதி இருக்கிறது. குடியேறுவதற்காகவே செய்துகொண்ட திருமணம் என்று தெரிந்தால், பதிவு எவ்வளவு பக்காவாக இருந்தாலும் அந்த மனைவியை மனைவியாக அது கணக்கில் எடுக்காது. ஆஸ்திரேலியாவில் மணமானவர்களுக்கு ஒரு விதி, மணமாகாத இணையருக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். பணத்தை எப்படிப் பகிர்கிறார்கள், வீட்டை எப்படி நடத்துகிறார்கள், சுற்றியிருப்பவர்கள் இவர்களை எப்படிப் பார்க்கிறார்கள், ஒருவருக்கொருவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள். இரண்டு விதியும் கேட்பது இந்த நான்கைத்தான்.

ஆக, எதிரணி எதைப் போதும் என்கிறதோ, அதைப் போதும் என்று இந்த நாடுகளின் சட்டங்களே சொல்லவில்லை. மணமானவர்களும் கடைசியில் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் எடுத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள். அப்படியானால், அதே கட்டுக் காகிதத்தோடு நிற்கிற இன்னொரு ஜோடியை மட்டும் ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

அடுத்து, கல்யாணம் செய்துகொள்ள என்ன தடை என்ற கேள்வி. இதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மணமாகாத இணையருக்கு பிரிட்டனில் இந்த வாசல் திறந்தது 1997 அக்டோபரில். அப்போது அது விதிகூட இல்லை, விதிக்கு வெளியே காட்டிய ஒரு சலுகை. யாருக்கு? சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவே முடியாதவர்களுக்கு. நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்றார்கள். 1999இல் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. 2000இல்தான் குடிவரவு விதிகளுக்குள் ஏறியது. அந்த 1997இல் ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ள உலகத்தில் ஒரு நாடுகூட இடம் கொடுக்கவில்லை. முதலில் கொடுத்த நெதர்லாந்தே 2001இல்தான் கொடுத்தது. கல்யாணம் செய்துகொண்டு வா என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? இன்றும் அதைச் சட்டம் ஏற்காத நாடுகள்தாம் உலகில் அதிகம். அங்கே பிறந்து, மூன்றாவது நாடு ஒன்றில் சந்தித்துக் குடும்பம் நடத்துகிற இருவருக்கு, சேர்ந்து வாழ்ந்ததைத் தவிரக் காட்டுவதற்கு வேறு எதுவும் கையில் இல்லை.

தடை அது ஒன்றுதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். முதல் மணம் முறிந்து பல வருடம் ஆகியும் விவாகரத்து வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் இணையர் விதி, முந்தைய உறவு நிரந்தரமாக முறிந்திருக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் தாமதிக்கிறது என்பதற்காக வாழ்க்கை நின்றுவிடாது என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம், திருமணம் என்ற ஏற்பாட்டையே வேண்டாம் என்று நினைத்து, சேர்ந்து வாழ்வதை முழு மனதோடு தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது என் கருத்து. மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்குக் களவு, மணவாழ்வுக்குக் கற்பு என்று இரண்டு சொல்லை வைத்து, இரண்டையும் காதலின் பக்கங்களாகவே பார்த்த மொழியில் நின்றுகொண்டு இதை நான் பேசுகிறேன்.

நடுவர் அவர்களே, தலைப்பில் வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு என்ற சொற்கள் இருக்கின்றன. எதிரணி அதைத் தொடவே இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இணையர் என்று காட்ட வேண்டுமானால் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ வேண்டுமானால் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். ஒரே நாட்டில் இருக்க விசா வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த நிலைமை. வெவ்வேறு கடவுச்சீட்டு வைத்திருக்கும் இருவர், இருவருக்கும் வேலை கிடைத்த மூன்றாவது நாட்டில் ஒரு வீட்டைப் பிடித்து வாழ்ந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். அப்படி வாழ்ந்தவர்கள் ஊர் திரும்பும்போது, அந்த வருடங்களை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட வேண்டும் என்பதுதான் எதிரணி வாதத்தின் பொருள்.

இந்த முடிச்சு அரசாங்கங்களுக்கும் புரிந்திருக்கிறது. கனடாவில் பொதுச்சட்ட இணையர், அதாவது மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள், என்றால் தொடர்ந்து 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அப்படி வாழவே விடாதபடி குடிவரவுச் சட்டமோ, வேறு வலுவான தடையோ குறுக்கே நின்றால், வெளிநாட்டில் இருக்கும் துணைக்கென்று தனியாக இன்னொரு வகையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஓராண்டு உறவும் அந்தத் தடைக்கான சான்றும் வேண்டும். கனடியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடியே துணையை ஸ்பான்சர் செய்யலாம். துணைக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் இருவரும் கனடாவில் வாழப்போகிறோம் என்று காட்டினால் போதும். பிரிட்டனில் இரண்டு ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்று இருந்த நிபந்தனை 2024 ஜனவரி 31 முதல் மாறியது. இப்போது கேட்பது, திருமணத்துக்கு நிகரான உறவில் இரண்டு ஆண்டு இருந்தீர்களா என்பதை. வேலையோ படிப்போ இருவரையும் வேறு வேறு ஊரில் வைத்திருந்தால் அதற்கான காரணத்தைச் சொல்லலாம். உலகம் இந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒற்றைத் தாளுக்குத் திரும்பலாம் என்கிறார்கள் எதிரணியினர்.

சரி, பொய்யர்கள். அவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பொய்யருக்கு எது சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் பதிவு அலுவலகத்துக்குப் போய் இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போடுவதா? இரண்டு வருடத்து வாடகையையும் மின்கட்டண ரசீதுகளையும், இரண்டு பேர் பெயருக்கும் ஒரே முகவரியில் வந்த கடிதங்களையும், இருபத்துநான்கு மாத வங்கிக் கணக்கையும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஜோடிப்பதா? போதாததற்கு, ஒரு தடவை காட்டினால் தீர்கிற விஷயமும் இல்லை. ஆஸ்திரேலியா பொதுவாக முதலில் தற்காலிக விசாதான் தருகிறது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து உறவு தொடர்கிறதா என்று மறுபடி பார்த்துத்தான் நிரந்தரமாக்குகிறது. பிரிட்டன் வெளிநாட்டிலிருந்து வருகிற துணைக்கு 33 மாதம் தருகிறது, பிறகு நீட்டிக்க வேண்டும், ஐந்து ஆண்டு ஆன பிறகே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் ஏமாற்றினால் பிரிட்டனில் பத்து ஆண்டு வரை, கனடாவில் ஐந்து ஆண்டு கதவு மூடிவிடும்.

எதிரணி விரும்புகிற ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே குடியேற மணமாகாத இணையர் என்ற வகையே கிடையாது. நிச்சயிக்கப்பட்டவருக்கான விசாவில் போனால், நாட்டுக்குள் கால் வைத்த 90 நாளுக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும். வேலை விசாவில் போகிறவரின் கணவனோ மனைவியோ குடும்ப விசாவில் கூடவே போகலாம். பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்த இணையர் சுற்றுலா விசாவில்தான் போக வேண்டும், அங்கே வேலை செய்யவும் முடியாது. இதனால் என்ன ஆகிறது? விசாவுக்காகவே அவசர அவசரமாகக் கல்யாணம் நடக்கிறது. எந்தப் பொய்க் கல்யாணத்தைப் பற்றி எதிரணி கவலைப்பட்டதோ, அதன் பக்கத்தில் கொண்டுபோய் நல்ல மனிதர்களை நிறுத்துகிறது அந்த ஏற்பாடு.

நடுவர் அவர்களே, இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசவில்லை. 2022இல் நானும் இந்த விண்ணப்பத்தைப் போட்டேன். எனக்கு பிரிட்டிஷ் குடியுரிமை. இணையருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை. இருவரும் மூன்றாவது நாட்டில் வேலை செய்துகொண்டிருந்தோம். அவருடைய பழைய மணத்தின் விவாகரத்து வழக்கு அவர் நாட்டில் ஐந்தாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. துணையை அழைப்பவருக்கான வருமான வரம்பு அப்போது ஆண்டுக்கு 18,600 பவுண்டு, இப்போது 29,000. வெளிநாட்டுச் சம்பளம் மட்டும் போதாது, பிரிட்டனுக்குத் திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும்படி அங்கே ஒரு வேலைக்கான உறுதிக் கடிதமும் வேண்டும். அதெல்லாம் மணமானவர்களுக்கும் உண்டு, நான் குறை சொல்லவில்லை. அந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தது.

கிடைக்காதது வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயர். வீட்டுக்காரர் ஒரு பெயர் போதும் என்று சொல்லி அவர் பெயரை மட்டும் எழுதியிருந்தார். நாங்களும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் அவர் பெயரில், இணையம் என் பெயரில். கூட்டுக் கணக்கு இல்லை. மாதா மாதம் பாதி வாடகையை நான் அவருக்கு அனுப்பியது மட்டும் என் கணக்கில் வரி வரியாக இருந்தது. எல்லாம் அந்த நாட்டு மொழியில் வேறு. ஒவ்வொரு தாளையும் சான்றொப்பத்தோடு மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு, மேலும் என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்துத் தேடினோம்.

அப்போதுதான் அந்தப் படிவம் அகப்பட்டது. மூன்று வருடம் முன்னால் அவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதிக்கொடுத்த படிவத்தின் நகல். நீல மைப் பேனா. கை நடுக்கத்தில் கோட்டுக்கு வெளியே போயிருந்த எழுத்து. அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயர், அதே வீட்டு முகவரி. பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் மனைவி என்று எழுதத் தொடங்கி, முதல் எழுத்தை அடித்துவிட்டு, உடன் வசிப்பவர் என்று எழுதியிருந்தார். படிவத்தை வாங்கிக்கொண்ட செவிலியர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே அனுப்பினார்.

அந்தத் தாள் எந்த விசா அதிகாரிக்காகவும் எழுதப்பட்டதல்ல. வலியில் துடிக்கிற ஒரு மனிதர், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்து எழுதியது. பொய்யாக, மனைவி என்று எழுத அவருக்கு ஒரு நொடி போதும், எழுதவில்லை. இதைவிட உறுதியான சாட்சியை எந்தப் பதிவு அலுவலகம் தர முடியும்? வாடகைக் கணக்கோடும் ரசீதுகளோடும் இதையும் சேர்த்துத்தான் விண்ணப்பித்தோம். விசா கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு தாள் அகப்படாது என்பதும் எனக்குத் தெரியும். ரசீதே கொடுக்காத வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டவர்கள், உறவு வெளியே தெரிந்தால் ஆபத்து என்பதற்காக இரண்டு பெயரை ஒரே கதவில் ஒட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக, ஏற்கப்படும் சான்றுகளின் வகையை இன்னும் கூட்டுங்கள் என்று நானே மன்றாடுவேன். அவர்களிடம் போய்த் திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்கச் சொல்கிறது எதிரணி.

மணி அடித்துவிட்டது. அந்தப் படிவத்தின் நகலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அடித்த எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நடுவரின் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.