பிள்ளையின்ர தலையை நிமிர்த்தாதேங்கோ! கோளாறு கழுத்தில இல்லை, கண்ணில

(காட்சி: அரைச்சுவர் வகுப்பறை. ஒரு பிள்ளை முகத்தை இடப்பக்கம் திருப்பி, கடைக்கண்ணால கரும்பலகையைப் பாக்குது.)

"நேரா இருந்து பாரடா!" எண்டு ரீச்சர் சத்தம் போடுறா. பிள்ளை தலையை நேராக்குது. அந்த நேரமே பலகையில இருந்த எழுத்துக் கலங்கிப் போகுது. ரெண்டு நிமிசத்தில தலை பழையபடி இடப்பக்கம். குழப்படியும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் பாக்குது!

பின்னணியைக் கெதியா முடிச்சிடுறன். கருமணி தன்பாட்டில ஆடிக்கொண்டிருந்தால் அது நிஸ்டக்மஸ். குழந்தைப் பருவத்தில வாறது பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துக்குள்ள தெரியும். சிலருக்கு அல்பினிசத்தோட (தோல், முடி, கண்ணில நிறம் குறைவாப் பிறக்கிறது), சிலருக்கு விழித்திரைக் கோளாறோட, சிலருக்குத் தனிய. ஒரு புதினம்: இப்பிடிப் பிள்ளைகளுக்குப் பொதுவா உலகம் ஆடுறமாதிரித் தெரியாது. எங்களுக்குத்தான் அதுகளின்ர கண் ஆடித் தெரியுது.

சரி, இனி எனக்குப் பிடிச்ச இடம். அன்ரனா!

(காட்சி: கூரைக்கு மேல ரீவி அன்ரனா.)

அப்பா வெளியில நிண்டு கம்பத்தைத் திருப்புவார். உள்ளுக்கிருந்து பிள்ளையள் கத்துங்கள்: "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆ, காணும், விடுங்கோ!" ஒரே ஒரு திசையிலதான் படம் தெளியும். ஒரு விரலளவு விலகினால் திரை முழுக்கப் புள்ளி மழை. ஆடுற கண்ணுக்கும் அப்பிடி ஒரு திசை இருக்கலாம். கண் அந்தப் பக்கம் போகேக்க ஆட்டம் குறையும். டொக்டர்மார் அதை நல் பொயின்ற் எண்டுவினம், நாங்கள் அமைதிப் புள்ளி எண்டு வைப்பம். அது நடுவில இருந்தால் தலை திரும்பத் தேவையில்லை. வலப்பக்கம் இருந்தால் கண் வலப்பக்கம் போகவேணும், ஆனால் பலகை முன்னுக்கெல்லோ இருக்கு? அதால முகம் இடப்பக்கம் திரும்பும். புள்ளி மேல இருந்தால் நாடி பதியும், கீழ இருந்தால் நாடி உயரும். அன்ரனா கோணலா நிக்குதெண்டு ஆராவது இறங்கிப்போய் நிமிர்த்திக் கட்டுவினமோ?

இப்ப கேள்வி. முகம் இடப்பக்கம் திரும்புற பிள்ளையை எந்த வாங்கில இருத்தவேணும்? வீடியோவை நிப்பாட்டி, கீழ எழுதுங்கோ பாப்பம்.

நடு எண்டவை எல்லாரும் பிழை! பலகையைப் பாத்தபடி இருக்கேக்க இடப்பக்கமா வாற வாங்கு. அங்கயிருந்தால் பலகை பிள்ளைக்கு வலப்பக்கம். தலை நேரா இருக்க, கண் மட்டும் வலப்பக்கம் போகும். முகம் எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கத்து வாங்கு. அஞ்சு சதம் செலவில்லை. அல்பினிசம் இருந்தால், அரைச்சுவருக்கு மேலால வாற வெய்யில் முகத்தில அடிக்காமலும் பாருங்கோ. புத்தகத்தைப் பக்கத்துப் பிள்ளையோட பங்குபோட விடாதேங்கோ. கண்ணாடி போடுறதெண்டால் சின்னச் சட்டம் வேண்டாம், இந்தப் பிள்ளை வில்லையின்ர ஓரத்தாலதான் பாக்கும்.

கழுத்துச் சுளுக்கெண்டு எண்ணெய் போட்டு உருவுறவைக்கு: பிள்ளை நித்திரையாகேக்க பாருங்கோ. தலை நேரா, சுகமாத் திரும்பினால் கண்ணைச் சந்தேகப்படலாம். அப்பவும் இறுகி, ஒரு பக்கத் தசை கயிறுமாதிரித் தட்டுப்பட்டால் அது கழுத்துப் பிரச்சினை. எதெண்டாலும் உருவாமல் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

கிளினிக்குக்குப் போகமுதல் ஒரு வீடியோ எடுங்கோ. பிள்ளை கையில போனை வைச்சுப் பாக்கேக்க எடுத்துப் பிரயோசனமில்லை. கிட்டப் பாக்க ரெண்டு கண்ணும் மூக்குப்பக்கம் குவியும், அப்ப பலருக்கு ஆட்டம் அடங்கித் தலையும் நேராயிடும். இருபது அடி தள்ளி, மட்டுமட்டாத் தெரியிற சின்ன எழுத்தை வாசிக்கவிடுங்கோ. எழுத்துச் சிறுக்கச் சிறுக்கத் திருப்பம் கூடும். நிப்பாட்டாமல் அஞ்சாறு நிமிசம் எடுங்கோ. ஏனெண்டால் சிலருக்கு அமைதிப் புள்ளியே நிமிசக்கணக்கில இடம் மாறும், தலையும் மற்றப்பக்கம் போகும். அதைக் கவனிக்காமல் ஒப்பரேசன் செய்தால் பிழைச்சுப்போகும். ஒரு கண்ணைப் பொத்திச் சோதிக்கவும் வேண்டாம், சிலருக்குப் பொத்தினவுடன ஆட்டம் கூடும்.

கொஞ்சம் வளந்த பிறகு புதுசா ஆட்டம் தொடங்கினால், தலையும் சேர்ந்து ஆடினால், ஒரு கண் மட்டும் துடிச்சால், தலையிடி, சத்தி இருந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரி.

ஒப்பரேசனுக்கு வருவம். 1953இல அன்டர்சன், கெஸ்ரன்பாம் எண்ட ரெண்டு கண் டொக்டர்மார் தனித்தனிய எழுதின யோசனை: அமைதிப் புள்ளியையே நடுவுக்குக் கொண்டுவா. அதாவது, அன்ரனாவைக் கம்பத்தில கழற்றித் திருப்பிப் பூட்டுறது. பிறகு பார்க்ஸ் எண்ட கண் டொக்டர் தந்த கணக்கு வாய்ப்பாடு மாதிரி: 5, 6, 7, 8. முகம் இடப்பக்கம் திரும்புற பிள்ளைக்கு, இடக்கண்ணில மூக்குப்பக்கத் தசையை 5 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளி, காதுப்பக்கத் தசையை 8 வெட்டிக் குறைப்பினம். வலக்கண்ணில காதுப்பக்கத் தசை 7 பின்னுக்கு, மூக்குப்பக்கம் 6 குறைப்பு. கூட்டிப் பாருங்கோ, ரெண்டு கண்ணுக்கும் 13! திருப்பம் பெரிசெண்டால் இந்த அளவுகளைக் கூட்டுவினம். ஆட்டம் முற்றா நிக்கும் எண்டு மட்டும் எதிர்பாக்காதேங்கோ, இது தலையை நேராக்கிறதுக்கு.

ஒப்பரேசன் சரிவந்து தலை நேரானால், அந்த ஓர வாங்கில பிள்ளையைத் தொடர்ந்து விடாதேங்கோ. புள்ளி நடுவுக்கு வந்திட்டுது, வாங்கையும் நடுவுக்கு மாத்தச்சொல்லி ரீச்சரிட்டச் சொல்லுங்கோ.