டிசி-10, நாலு பேர், ரெண்டு லீவர்: கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ் பத்தி கொஞ்சம் பேசணும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு வெளியில எங்கயும் போகல, வீட்டுலயே உக்காந்து பேசறேன். என் கையில இருக்கே, இது டிசி-10 விமானத்தோட சின்ன மாடல். கேமரா பக்கத்துல காட்டறேன், பாருங்க. இறக்கைக்குக் கீழ இந்தப் பக்கம் ஒரு இன்ஜின், அந்தப் பக்கம் ஒரு இன்ஜின். மூணாவது இன்ஜின் எங்க இருக்கு தெரியுதா? இங்க, வால்ல. இன்னைக்குக் கதையே இந்த மூணாவது இன்ஜின்லதான் ஆரம்பிக்குது.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். ஆல் ஹேய்ன்ஸ். 1931-ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல பாரிஸ்ங்கற ஊர்ல பிறந்தவர். ஆமா, அங்கயும் ஒரு பாரிஸ் இருக்கு. காலேஜைப் பாதியில விட்டுட்டு 1952-ல கடற்படை பைலட் பயிற்சியில சேர்ந்து, அமெரிக்க ராணுவத்தோட கடற்படைப் பிரிவான மரைன் கார்ப்ஸ்ல விமானம் ஓட்டினார். 1956-ல வெளிய வந்ததும் யுனைடெட் ஏர்லைன்ஸ். அங்க போனதும் கேப்டன் சீட்டைத் தூக்கிக் குடுத்துடல. ஃப்ளைட் இன்ஜினியரா, அதாவது இன்ஜினையும் மீட்டர்களையும் கவனிக்கற ஆளா, பின்னாடி மூணாவது சீட்லதான் உக்கார வச்சாங்க. ராணுவத்துல ஓட்டிட்டு வந்த மனுஷன், மத்தவங்க ஓட்டறதைப் பின்னாலருந்து பாத்துட்டு உக்காந்திருக்கார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப 1989 ஜூலை 19-க்கு வருவோம். யுனைடெட் 232, டென்வர்லருந்து சிகாகோ போற விமானம். கேப்டன் நம்ம ஹேய்ன்ஸ். 296 பேர் உள்ள. 37,000 அடி உயரத்துல, மத்தியானம் 3.16-க்கு, வால்ல இருக்கற இன்ஜினோட பெரிய விசிறித் தட்டு உடைஞ்சு சிதறிடுச்சு.

ஒரு இன்ஜின் போறது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லைங்க, மீதி ரெண்டு இருக்கு. ஆனா சிதறின துண்டுங்க வாலைக் கிழிச்சு, ஹைட்ராலிக் குழாய்களை வெட்டிடுச்சு. ஜேசிபி கை தூக்கறதைப் பாத்திருப்பீங்க இல்ல? எண்ணெயோட அழுத்தத்துலதான் தூக்குது. இவ்வளவு பெரிய விமானத்தோட வாலும் இறக்கையும் அசையறது அதே மாதிரிதான். ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு மூணு தனித்தனி ஹைட்ராலிக் வச்சிருந்தாங்க. மூணோட குழாயும் வால்ல பக்கம் பக்கமாப் போகுது. மூணுலயும் எண்ணெய் வடிஞ்சிடுச்சு. அப்புறம் பைலட் கையில இருக்கற ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது. இப்படி ஒண்ணு நடக்கவே நடக்காதுன்னு நினைச்சதால, என்ன பண்ணணும்னு மேனுவல்லயும் இல்ல.

விமானம் வலது பக்கமா சாயுது. இந்த மாடலைப் பாருங்க, இப்படி. இன்னும் சாஞ்சா தலைகீழாப் புரண்டுடும். ஹேய்ன்ஸ் இடது இன்ஜின் பவரை சட்டுன்னு குறைச்சு, வலது இன்ஜினை முழுசா ஏத்தினார். வலது இறக்கை மெதுவா மேல வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்ககிட்ட இருந்தது அந்த ரெண்டு இன்ஜின் பவரையும் ஏத்தி இறக்கற ரெண்டு லீவர் மட்டும்தான்.

பயணிகள் நடுவுல டென்னி ஃபிட்ச்னு ஒருத்தர் இருந்தார். அதே கம்பெனியில டிசி-10 பைலட்டுங்களுக்கு டிரெய்னிங் குடுக்கறவர், அன்னைக்கு சும்மா பயணியா வந்தவர். நான் உதவி பண்ணலாமான்னு சொல்லி அனுப்பறார். ஹேய்ன்ஸ் யோசிக்கவே இல்ல, உள்ள வரச் சொல்லிட்டார். ஃபிட்ச் பைலட் சீட்டுங்களுக்கு நடுவுல தரையில முட்டி போட்டு, ஒவ்வொரு கையில ஒவ்வொரு லீவரைப் பிடிச்சுக்கிட்டார். விமானம் அலை மாதிரி மூக்கைத் தூக்குது, அப்புறம் இறங்குது. ஒவ்வொரு அலைக்கும் அவர் கை ஏறி இறங்குது.

நான் இந்த வீடியோ போடறதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். அந்தக் கேப்டன் கிட்டத்தட்ட 30,000 மணி நேரம் பறந்தவர். தன் விமானத்தோட உயிர்நாடியை, அப்பதான் அறிமுகமான ஒருத்தர் கையில குடுத்துட்டார். பின்னாடி நாசாவுல பேசினப்ப இதை ரொம்ப நேர்மையாச் சொன்னார். 1980 வரைக்கும் கேப்டன் சொன்னதுதான் சட்டம், அதனாலயே சில விமானங்களை இழந்தோம்னார். 1978-ல போர்ட்லேண்ட்ல அவங்க கம்பெனி விமானமே ஒண்ணு, சக்கரப் பிரச்னையில கேப்டன் மூழ்கியிருந்ததுல எரிபொருள் தீந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் காக்பிட்ல எல்லாரும் வாய் திறந்து பேசணும், கேப்டன் காது குடுக்கணும்னு பயிற்சி ஆரம்பிச்சாங்க. 232-ல அன்னைக்கு காக்பிட்ல ஹேய்ன்ஸ், கோ-பைலட், ஃப்ளைட் இன்ஜினியர், ஃபிட்ச், இந்த நாலு பேருக்கும் சேர்த்து 103 வருஷ அனுபவம் இருந்துச்சாம். ஆனா இப்படி ஒரு விமானத்தை ஒரு நிமிஷம்கூட யாரும் ஓட்டினது இல்ல. அப்ப எனக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு கேட்டார். மூணாவது சீட்ல வருஷக்கணக்கா உக்காந்த ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தோணுது.

44 நிமிஷம் ஓட்டினாங்க. அயோவாவுல சூ சிட்டி ஏர்போர்ட். எந்த ரன்வேயில வேணா இறங்குங்கன்னு டவர் சொன்னப்ப, ரன்வேயிலதான் இறங்கணும்னு வேற சொல்றீங்களான்னு ஹேய்ன்ஸ் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கார். சாதாரணமா 140 நாட், அதாவது மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்துல இறங்கற விமானம், இவங்க 215 நாட்ல, சுமார் 400 கிலோமீட்டர் வேகத்துல வந்தாங்க. வலது இறக்கை முதல்ல தரையில பட்டு, விமானம் உடைஞ்சு, மக்காச்சோளக் காட்டுக்குள்ள போய்க் கிடந்துச்சு. காக்பிட் தனியாப் பிஞ்சு, இடுப்பு உயரத்துக்கு நசுங்கிக் கிடந்துச்சு. அதுக்குள்ள ஆள் இருப்பாங்கன்னே முதல்ல யாருக்கும் தோணல. அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு கண்டுபிடிக்க. நாலு பேரும் உயிரோட இருந்தாங்க.

184 பேர் பிழைச்சாங்க. 112 பேர் போயிட்டாங்க. இதை அதிசயம்னு சொல்லி முடிக்கறவங்க இந்த ரெண்டாவது எண்ணிக்கையை வேகமாத் தாண்டிடறாங்க. ஹேய்ன்ஸ் தாண்டல. சில மாசத்துல மறுபடி பறக்க ஆரம்பிச்சு, 1991-ல, பைலட்டுங்க 60 வயசுல நிக்கணும்ங்கற அப்போதைய விதிப்படி ரிட்டயர் ஆனவர், அதுக்கப்புறம் நாடு நாடாப் போய் ஆயிரத்துக்கு மேல கூட்டங்கள்ல பேசினார். ஹீரோன்னு சொன்னா ஒத்துக்க மாட்டார். அதிர்ஷ்டம், தகவல் பரிமாற்றம், முன்தயாரிப்பு, செயல்பாடு, ஒத்துழைப்பு, இந்த அஞ்சையும்தான் சொல்வார். முன்தயாரிப்புன்னா சூ சிட்டிக்காரங்க செஞ்சதும் சேர்த்து. 1987-லயே ஒரு பெரிய விமானம் அங்க விழுந்தா என்ன பண்ணணும்னு ஒத்திகை பாத்து வச்சிருந்தாங்க. விபத்து நடந்த நேரத்துல ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் மாறிட்டு இருந்துச்சு, ரெண்டு ஷிஃப்ட் டாக்டர்களும் நர்சுகளும் இருந்தாங்க. அது அதிர்ஷ்டக் கணக்கு.

அந்த உடைஞ்ச தட்டு, சுமார் 170 கிலோ, மூணு மாசம் கழிச்சு சோளம் அறுக்கும்போது காட்டுலருந்து கிடைச்சுது. டைட்டானியத்தை உருக்கும்போதே உள்ள ஒரு சின்னக் குறை விழுந்திருக்கு. அதுலருந்து விரிசல் வருஷக்கணக்கா வளர்ந்திருக்கு.

அவர் வீட்டுலயும் சோகம் வந்துச்சு. மகன் பைக் விபத்துல போயிட்டார், மனைவியும் நோயில போயிட்டாங்க. அப்புறம் மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ண வேண்டி வந்தப்ப, இன்சூரன்ஸ் போதல. முகம் தெரியாத எத்தனையோ பேர் பணம் அனுப்பினாங்க. 232-ல உயிர் பிழைச்சவங்களும் அனுப்பினாங்க. இதைப் படிச்சப்ப என்னால கொஞ்ச நேரம் எதுவும் பண்ண முடியல. 2019 ஆகஸ்ட்ல, 87 வயசுல, சியாட்டில்ல இறந்தார்.

அந்த விமானத்துல பணிப்பெண்ணா இருந்த ஜான் பிரவுன், மடியில குழந்தையை வச்சுக்கிட்டு பயணம் பண்ணக் கூடாதுன்னு அப்புறம் பல வருஷம் போராடினாங்க. அடுத்த வீடியோ அவங்களைப் பத்தி. வரேங்க.