வாசித்துக் காட்டுங்கள்

(ரொறன்ரோவில், பராலீகல்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் வர விரும்பும் தமிழ் இளையோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நம்மவர்கள், இலங்கைத் தமிழர்கள், 155 பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. கரையேறியதும் அவர்கள் இந்தியாவில் இருந்து வந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியில் இருந்து. சில நாள்களில் அது வெளிவந்துவிட்டது. அவர்களுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல் பெரிய சர்ச்சையாகி, அவர்கள் எதற்காக ஊரை விட்டு ஓடினார்கள் என்ற கதையையே மறைத்துவிட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்னர்தான், 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஓர் அகதியின் சொல்லை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், அவரை நேரில் இருத்தி அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். குடிவரவு மற்றும் அகதிகள் சபை 1989இல் உருவானதற்கு அந்தத் தீர்ப்புத்தான் அடித்தளம். எனக்கு இது வெறும் சட்ட வரலாறு இல்லை. வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த வாய் தமிழ் பேசுகிறது, கேட்கிற காது ஆங்கிலம் கேட்கிறது, நடுவில் நாம் இருக்கிறோம்.

ஒன்ராறியோவில் 2007ஆம் ஆண்டு முதல் பராலீகல்களுக்கு, அதாவது சட்டத்தரணி அல்லாமல் சில வகைச் சட்ட வேலைகளைச் செய்கிறவர்களுக்கு, உரிமம் உண்டு. அகதிகள் சபையின் முன் நாம் ஒருவருக்காகத் தோன்றலாம். எங்கள் வேலையில் பெரும்பகுதி அகதிக் கோரிக்கைக்கான ஒரு படிவத்தைச் சுற்றி நடக்கிறது. முன்பு அதை 'பிஃப்' (Personal Information Form, தனிப்பட்ட தகவல் படிவம்) என்போம். 2012 டிசம்பருக்குப் பிறகு 'பி.ஓ.சி.' (Basis of Claim, கோரிக்கையின் அடிப்படை) என்கிறோம். உங்களுக்கு என்ன நடந்தது, யாரால் நடந்தது, திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று கேட்கிற படிவம். விசாரணை நாளில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் வேர் அதில் இருக்கும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, தனக்கு விளங்கிவிட்டது என்று நினைப்பது.

ஓர் அம்மா சொல்கிறார்: "எட்டு மாசம் காம்பிலதான் இருந்தனாங்கள்." நாமும் எழுதிவிடலாம், அது ஆங்கிலச் சொல்தானே! ஆனால் எந்த காம்ப்? 2009இல் வவுனியாவில், மெனிக் பாமில், கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்ட இடம்பெயர்ந்தோர் முகாமா? ஆமியின் காம்பா? இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், பயிற்சி காம்பா? ஒரே சொல், மூன்று வாழ்க்கை. வாசிக்கிற அதிகாரி பிழையானதை மனத்தில் எடுத்துக்கொண்டால் அந்த அம்மாவுக்கு அது தெரியவும் வராது.

இன்னொன்று. "மகனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போட்டுது." இதை ஒருவர் அவசரத்தில் 'மகன் இயக்கத்தில் சேர்ந்தான்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டதை நானே ஒரு வழக்குக் கோவையில் பார்த்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு போனதும் சேர்ந்ததும் ஒன்றா? 2006 ஏப்ரலில் கனடா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், அப்படியான ஓர் அமைப்பின் உறுப்பினர் என்று முடிவானால் அகதிக் கோரிக்கையை மேற்கொண்டு கேட்கவே மாட்டார்கள். கட்டாயத்தின் பேரில் போனவர் என்பது வாதாடக்கூடிய விஷயம். ஆனால் வினைச்சொல்லையே நாம் மாற்றிவிட்டால் வாதாட அங்கே என்ன மிஞ்சும்?

உறவுமுறை. நமக்குச் சித்தப்பாவின் மகன் தம்பிதான். எல்லையில் நடந்த நேர்காணலில் ஒருவர் "எனக்கு மூன்று தம்பிமார்" என்று சொல்லியிருப்பார். படிவத்தில் கூடப்பிறந்தவர் ஒருவர்தான் இருப்பார். விசாரணையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று கேட்பார்கள். அவர் திகைத்துப்போவார், ஏனென்றால் அவர் பொய்யே சொல்லவில்லை. ஆகவே 'தம்பி' என்று காதில் விழுந்ததும் "கூடப்பிறந்தவரோ?" என்று கேளுங்கள். சலிக்காமல் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

அடுத்தது சொல்லக் கடினமானது. "விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கரைச்சல் குடுத்தவங்கள்." கரைச்சல் என்ற சொல்லுக்குள் நம் பெண்கள் எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 'தொந்தரவு' என்று மொழிபெயர்த்தால் பிழை. நாமாகவே அதைப் பாலியல் வன்முறை என்று விரித்து எழுதினாலும் பிழை. நான் பேனையை வைத்துவிடுவேன். அறையில் ஆண்கள் இருந்தால் வெளியே போகச் சொல்வேன். இதை உங்கள் அயலவரிடமோ கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நான் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்வேன். நம் சமூகம் சிறியது, அவருக்கு இருக்கிற முதல் பயம் அதுதான். பிறகு காத்திருப்பேன். சில வேளை அன்று ஒன்றும் வராது, அடுத்த முறைதான் வரும். பால்நிலை சார்ந்த துன்புறுத்தல் பற்றி அகதிகள் சபைக்கு 1993 முதல் வழிகாட்டல் இருக்கிறது. விசாரிக்கிற சபை உறுப்பினரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்களாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்கலாம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

திகதி பற்றி இரண்டு வார்த்தை. "நல்லூர்த் தேர் முடிஞ்ச கிழமை" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள், அந்த வருடத் தேர் எந்த மாதம் என்று பார்த்து ஏறக்குறைய என்றும் போடுங்கள். வெற்றிடம் அழகாக நிரம்ப வேண்டும் என்று '15ஆம் திகதி' போடாதீர்கள். உங்கள் அழகுக்கு விசாரணையில் பதில் சொல்லப்போவது அவர்.

நம் நடுவில் சிலர், பெரும்பாலும் உரிமம் இல்லாதவர்கள், "இந்தக் கதையைச் சொன்னால் நிச்சயம் கிடைக்கும்" என்று காசு வாங்கிக்கொண்டு கதை எழுதிக் கொடுக்கிறார்கள். சட்டத்தரணி, உரிமம் பெற்ற பராலீகல் அல்லது ஆலோசகர், கியூபெக் நோட்டரி தவிர வேறு யாரும் கட்டணம் வாங்கி இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. என்னிடம் வந்த ஒரு தகப்பனின் படிவத்தில், அவர் கால் வைத்தே இராத ஓர் ஊரில் அவருக்கு அடி விழுந்திருந்தது. அவருக்கு நடந்த உண்மைக் கதையே போதுமானதாக இருந்தது, ஐயா! அதைத் திருத்திச் சபைக்கு விளக்கம் எழுதப் பல நாள் எடுத்தது. சத்தியம் செய்து ஒருவர் சொல்வதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாவிட்டால் உண்மையென்றே எடுக்க வேண்டும் என்பது இங்குள்ள நீதிமன்றங்கள் வகுத்த நெறி. அந்தக் காரணத்தை உருவாக்கிக் கொடுத்தவர் உதவ வந்தவர் என்பதுதான் என் மனத்தை எரிக்கிறது.

படிவத்தின் கடைசியில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி இருக்கிறது. முழுவதையும் இவருக்குப் புரிந்த மொழியில் வாசித்துக் காட்டினேன், புரிந்ததாக அவர் சொன்னார் என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். நேரம் இல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உயர்நிலைப் பொலிஸ் அதிகாரி எடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அங்கே நீதிமன்றத்தில் சான்றாகச் செல்லும். அப்படி எடுக்கப்பட்டவற்றில் எத்தனையோ சிங்களத்தில் எழுதப்பட்டவை, வாசிக்கத் தெரியாமலே நம் ஆக்கள் கையெழுத்து வைத்தவை. விளங்காத மொழியில் வைத்த ஒரு கையெழுத்தினால் வாழ்க்கையை இழந்த மனிதர் இந்த நாட்டுக்கு வந்து, எங்கள் மேசையில், விளங்காத இன்னொரு மொழியில் கையெழுத்து வைக்கலாமா? அதை அவரிடம் வாங்குகிற கை நம் கையாக இருக்கலாமா?

வாசித்துக் காட்டுவது என்றால் ஒவ்வொரு வரியையும். நான் இதைக் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிது. மகனைத் தேடி ஒவ்வொரு காம்ப் வாசலாக நின்ற ஒரு தாயின் கதை. பிற்பகல் முழுவதும் எழுதினேன், நன்றாக எழுதிவிட்டேன் என்றும் நினைத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'வாசலில் நின்று அழுதேன்' என்ற இடத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, நான் அழேல்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அழுதால் உள்ளுக்கை விடமாட்டாங்கள் எண்டு பயத்தில, வாயை மூடிக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு முழுக்க அழேல்லை."

அந்த வரியை அவர் சொல்லவே இல்லை. ஒரு தாய் அப்படித்தானே செய்திருப்பாள் என்று நான்தான் போட்டிருந்தேன். அதை வெட்டிவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். பிறகு முதல் பக்கத்தில் இருந்து திரும்பவும் வாசிக்கத் தொடங்கினேன். அவர் நாற்காலியை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.